தளபதி தோற்ற கதைகள்

காலை பத்து மணி நாற்பது. மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் சிறிய சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. செயலாளர் பிரெஞ்சில், எனக்கு விளங்கக்கூடிய வேகத்தில் சொன்னார்: பிள்ளைக்கு வயிற்றுவலி, வகுப்பில் சத்தி எடுத்துவிட்டாள், வந்து கூட்டிக்கொண்டு போக முடியுமா. அவர் குரலில் அவசரம் எதுவும் இல்லை. அதனால் நானும் அவசரத்தைக் காட்டவில்லை. மெர்சி என்று சொல்லி வைத்துவிட்டு, கேத்திலை அணைக்காமலே வெளியேறியிருக்கிறேன். அது பிறகு கூட வேலை செய்பவர் சொல்லித்தான் தெரிந்தது.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். பிள்ளை இரண்டு தரம் தும்மினால் எனக்கு நித்திரை வராது. அதற்கு முந்தைய வருடம் ஒரு தடவை காதுவலிக்கும், இன்னொரு தடவை அவள் விழுங்கிவிட்டதாக நான் நினைத்த பொத்தான் ஒன்றுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி, பகல் முழுக்கக் காத்திருந்து, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தோம். பொத்தான் என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. மனைவி இதைப் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "இவருக்கு ஒரு தெர்மோமீட்டர் கட்டி வைச்சிருக்கலாம், நான் தேவையில்லை" என்பாள். ஆகவே அன்று மெட்ரோவில் ஆற்றுக்கு அடியால் வந்துகொண்டிருந்தபோது, இந்த முறை நிதானமாக இருப்பதென்று முடிவெடுத்திருந்தேன்.

நாங்கள் இருக்கும் பார்க்-எக்ஸ்டென்ஷனில் மெட்ரோவை விட்டு வெளியே வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்குள் நடைபாதையில் இருந்த வாங்கில், குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டு, முழங்காலை மடித்து இருந்தாள். ஒன்பது வயது. என்னைக் கண்டதும் சிரித்தாள். ஆனால் எழுந்து நடந்தபோது நிமிரவில்லை. முதல் நாள் இரவு புட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குச் சுகம் என்றாள். நாங்கள் இருவரும் அதை நம்பி வேலைக்குப் போய்விட்டோம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

மனைவி டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே தொலைபேசியை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேற்பார்வையாளரின் இலக்கத்துக்கு அழைத்துச் செய்தி விட்டேன். எங்கள் காரும் அவளிடம்தான் இருந்தது. டாக்ஸி பிடித்தேன்.

டாக்ஸியில் ஏறி இருந்ததும் மகள் என் தோளில் சாய்ந்து, "மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் ஒரே ஒரு கதைதான். இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பழைய மொன்றியலில் உள்ள ஒரு கல்வீட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிப் படை ஒரு குளிர்காலம் இந்த நகரத்தைப் பிடித்து வைத்திருந்தது என்று அங்கே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அவை வெண்டவையோ?"

"இஞ்ச பிடிச்சும் நிலைக்கேல்ல. கெபெக் நகரத்தில மோசமாத் தோத்து, அம்மை நோயும் வந்து, திரும்பி ஓடினவை."

"அப்ப எப்பிடி அவைக்கு நாடு கிடைச்சது?"

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் வரலாற்றில் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரே இரவில் சொல்லி முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். கிழமைக் கணக்கில் இழுத்தது. காரணம் அவள்தான். தோல்விகளைத் தாண்டிப் போக விடமாட்டாள். நியூயோர்க்கில் தோற்றார்கள், பின்வாங்கினார்கள், பிறகு வென்றார்கள் என்று நான் ஓட்டப் பார்த்தால், "எப்பிடித் தோத்தவை, வடிவாச் சொல்லுங்கோ" என்று சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

வடிவாகச் சொன்னேன். அந்தப் படையின் தளபதி, பிறகு அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியானவர், பெரிய போர்வித்தகர் அல்ல. படையைத் தேவையில்லாமல் பிரித்து வைத்துத் தோற்றார், விட்டுவிட வேண்டிய கோட்டையை விடாமல் வைத்திருந்து அதற்குள் இருந்த ஆட்களைப் பறிகொடுத்தார் என்று சொன்னேன். ஒரு மாகாணத்து ஆள் இன்னொரு மாகாணத்து அதிகாரியின் சொல்லைக் கேட்கமாட்டான் என்று சொன்னேன். படைக்கு அவர் போட்ட முதற் கட்டளைகளில் பல சண்டையைப் பற்றியவை அல்ல, மலசலகூடக் குழி எங்கே வெட்டுவது, எப்போது மூடுவது என்பதைப் பற்றியவை என்று சொன்ன இரவு அவள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். சில நாட்கள் எங்கள் வீட்டில் அவருக்குக் கக்கூஸ் தளபதி என்று பெயர்.

அவருடைய தோட்டத்தில் அடிமைகள் இருந்ததையும் மறைக்கவில்லை. அன்றோடு அவளுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. கதை இரண்டு மூன்று நாள் நின்றது. பிறகு அவளே வந்து சொன்னாள்: "அவரை எனக்குப் பிடிக்கேல்ல. ஆனா படையில இருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ." அதற்குப் பிறகு நான் கதையைப் படையின் பக்கமிருந்து சொல்லத் தொடங்கினேன். என் கதை திருந்தியது அப்படித்தான்.

எங்கள் ஊர்ப் போரைப் பற்றி அவள் கேட்டதில்லை. நானும் தொடங்கியதில்லை. வேறு தேசத்து, வேறு காலத்துத் தோல்விகளைப் பற்றிப் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. மனைவிக்கு அதுவும் பிடிக்காது. "உந்தக் கதையில எல்லாரும் தோக்கினம், விறைக்கினம், அம்மை வந்து கிடக்கினம். பிள்ளைக்குச் சொல்ல ஒரு நல்ல கதை உங்களுக்குத் தெரியாதோ?" என்பாள். ஆனால் சட்டி கழுவுகிற தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அடுத்த நாள் காலை காரைத் துடைக்கும்போது, சும்மா கேட்பவள் போல, "அந்த மீன்பிடிகாரர் எல்லாரையும் அக்கரை சேத்தவையோ?" என்று கேட்டிருக்கிறாள்.

மீன்பிடிகாரர் கதை நியூயோர்க்கில் முதல் பெரிய தோல்விக்குப் பிறகு வருவது. ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படை சிக்கிக்கொண்டது. எதிரியின் கப்பல்கள் காற்றுக்காகக் காத்து நின்றன. தளபதி சத்தமில்லாமல் படகுகளைச் சேர்த்தார். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த மீனவர் கூட்டம் துடுப்புப் போட்டு, இரவோடிரவாகப் படை முழுவதையும் மறு கரைக்குக் கொண்டுவந்தது. விடிந்தும் வேலை முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மூடுபனி வந்து மறைத்தது. மகளுக்கு இது மிகவும் பிடித்த பகுதி. இது வெற்றியா தோல்வியா என்று கேட்டாள். தோல்விதான், ஆனால் ஆட்கள் மிஞ்சினார்கள் என்றேன்.

டாக்ஸியில் அதையே திரும்பவும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வாகனம் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்பும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். குளிராக்கும் என்று நினைத்தேன்.

சிறுவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதலில் ஒரு தாதி பார்ப்பார். அவர் கேட்கிற கேள்விகளுக்கு நாங்கள் சொல்கிற பதிலை வைத்துத்தான் யாரை முதலில் எடுப்பது என்று முடிவாகும். காய்ச்சல் பார்த்தார், கொஞ்சம் இருந்தது. எப்போது தொடங்கியது, எத்தனை தரம் சத்தி என்று கேட்டார். பிறகு மகளின் பக்கம் குனிந்து, ஒன்றுமே நோகவில்லை என்றால் சைபர், இதைவிட மோசமாக நோக முடியாது என்றால் பத்து, உனக்கு எத்தனை என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தை நிதானமாக வைத்திருந்தேன்.

"காத்ர்" என்றாள். நாலு.

தாதி என்னைப் பார்த்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நாலு ஐந்து இருக்கலாம், பிள்ளை கூட்டிச் சொல்கிறவள் இல்லை என்று என் பிரெஞ்சில் சொன்னேன். பெருமையோடு சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கையில் ஒரு பட்டி கட்டி, மாற்றம் ஏதும் இருந்தால் உடனே வந்து சொல்லுங்கள், எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி, இருக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் எண் என்றால் பரீட்சைப் புள்ளி. அது நான் கொண்டுவந்த பழக்கம். எனக்குப் படிப்பித்தவர்கள் யாரும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. கணக்கு முழுக்கச் சரியாக இருந்தாலும் கையெழுத்துக்கு இரண்டைக் குறைப்பார்கள். மகள் பத்துக்கு ஒன்பது கொண்டுவந்தால் அந்த ஒன்று எங்கே என்று நான் கேட்பேன். பகிடியாகத்தான் கேட்பேன். பத்து கொண்டுவந்தால், இந்த ஊர் வாத்திமார் பத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள், எங்கள் ஊரில் என்றால் பத்து எடுப்பது லேசில்லை என்பேன். அவளும் சிரிப்பாள்.

காத்திருக்கும் அறை நிறைந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே பனி சரிந்து விழுந்தது. ஒரு பக்கம் இருமுகிற குழந்தைகள், இன்னொரு பக்கம் கையைத் துணியால் சுற்றிய ஒரு பையனும் தாயும். மகள் இரண்டு கதிரைகளில் முடங்கிப் படுத்து, தலையை என் மடியில் வைத்தாள். மனைவியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மேற்பார்வையாளருக்குத் திரும்பவும் அழைத்தேன். சொல்லிவிட்டோம், அவர் புறப்பட்டுவிட்டார், ஆனால் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லையாம் என்றார்கள்.

"அம்மா எங்கை?"

"வந்துகொண்டிருக்கிறா. பனியெல்லே."

"அப்ப கதையைச் சொல்லுங்கோ. வருஷம் முடியிற இடம்."

வருடம் முடிகிற இடம் எனக்கும் பிடித்தது. படையில் பெரும்பாலானோர் வருடக் கடைசி வரைக்கும் என்று கையெழுத்துப் போட்டவர்கள். தளபதி உறைகிற ஆற்றைக் கடந்து ஒரு சின்ன வெற்றியும் பெற்றுவிட்டார். ஆனால் இன்னும் சில நாட்களில் அந்த ஆட்கள் வீட்டுக்குப் போகலாம். போனால் படையே இல்லை. அவர் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, இன்னும் ஆறு கிழமை நில்லுங்கள் என்று கேட்டார். காசு தருகிறேன் என்றார். மேளம் அடித்தது. நிற்கப் போகிறவர்கள் முன்னால் வரவேண்டும். ஒருவரும் வரவில்லை.

"ஒருத்தருமோ?"

"ஒருத்தருமில்லை."

"கோவிச்சவரோ?"

"இல்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு போனவர், பேந்து திரும்பி வந்து இன்னொருக்காக் கேட்டவர். உங்களுக்குக் களைப்பு எண்டு எனக்குத் தெரியும், ஆனா உங்களை விட்டா எனக்கு வேற ஆக்கள் இல்லை எண்ட மாதிரி. பிறகு ஒராளை ஒராள் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்கு வந்தவை."

"எல்லாரும்?"

"எல்லாரும் இல்லை. நிக்க ஏலாத ஆக்கள் வீட்டை போனவை."

"போன ஆக்களுக்கு ஏசினவையோ?"

எனக்குத் தெரியவில்லை. படித்த எந்தப் புத்தகத்திலும் அதைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. ஏசியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். சரி என்று கண்ணை மூடினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாதென்று என் கைலேஞ்சியை நனைத்து உதட்டில் வைத்தேன்.

பிறகு அடுத்த பகுதிக்குப் போனேன். சிறிய வெற்றிக்குக் கோபப்பட்டு எதிரி பெரும் படையோடு வருகிறான். நடுவில் ஒரு சிற்றாறு மட்டும். பொழுது பட்டுவிட்டது, விடியட்டும், பிடித்துவிடலாம் என்று எதிரி நிற்கிறான். தளபதியின் பக்கத்துக் கரையில் விடியவிடிய நெருப்புகள் எரிகின்றன. மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. ஆகவே படை அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் நெருப்பை மூட்டுவதற்கும் மண்ணைக் கிண்டுவதற்கும் கொஞ்சப் பேரை விட்டுவிட்டு, பீரங்கிச் சில்லுகளுக்குத் துணி சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் வேறு பாதையால் சுற்றிப் போய்விட்டார்கள்.

அந்த இடத்தில்தான் மகள் எழுந்து இருந்தாள்.

"அப்பா, நோ போயிட்டுது."

"உண்மையாவோ?"

"ஓம். டக்கெண்டு போயிட்டுது."

என்னால் நம்ப முடியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்தேன். மனைவிக்கு, நோ போய்விட்டது, பயப்படாமல் மெதுவாக வா என்று செய்தி அனுப்பினேன். இதற்காகவா இத்தனை பாடு, இனி இதுவும் பொத்தான் கதையோடு சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று தாதியிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். அவள் விடவில்லை. கதையை முடித்துவிட்டுப் போங்கள் என்றாள்.

"விடியப் பாத்தா அங்கை நெருப்பு மட்டும்தானே? அப்ப மற்றப் பக்கத்து ஆக்கள் என்ன நினைச்சவை? தாங்கள் வெண்டிட்டம் எண்டோ?"

"கொஞ்ச நேரம் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம். சத்தம் இல்லைத்தானே. பேந்துதான் பின்பக்கத்தில..."

வசனத்தை முடிக்கவில்லை. பின்பக்கத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது என்று சொல்லவேண்டும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். நோ போய்விட்டது என்கிற பிள்ளையின் முகம் அப்படி இருக்காது. வெளிறி, மூக்கைச் சுற்றிச் சாம்பல் நிறமாக இருந்தது. கை குளிர்ந்திருந்தது. நடுங்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு வைத்தியம் தெரியாது. இரவு முழுக்க நொந்த ஒன்று ஒரு நொடியில் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வி மட்டும்தான் அப்போது இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு தாதியின் மேசைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட நினைவில்லை.

நோ திடீரென்று நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை நடுங்குகிறாள் என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியாது. தாதி எழுந்து வந்தார். எப்போது நின்றது என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். அவர் முகத்தில் இருந்த மென்மை அப்படியே இருந்தது, கைகள் மட்டும் வேகமாகின. ஒரு கட்டிலை இழுத்து, மகளை அதில் படுக்கவைத்து, உள்ளே தள்ளிக்கொண்டே கேட்டார்: கண்ணே, நிற்பதற்கு முன்னால் எவ்வளவு நொந்தது, பத்துக்கு?

மகள் மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லவோ?"

"சொல்லு குஞ்சு."

"ஒன்பது. காலமை தொடக்கம் ஒன்பது."

தாதிக்குப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, கட்டிலோடு ஓடிக்கொண்டே ஏன் நாலு என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"பத்து எடுக்கிறது லேசில்லை எண்டு நீங்கள்தானே சொல்லுவியள். பெரிசாச் சொன்னா, கூட்டிச் சொல்லுறன் எண்டு குறைச்சுப் போடுவினம் எண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். குடல்வால் வெடித்திருக்கிறது என்று ஒரு வைத்தியர் வந்து சொன்னார். வெடிக்கும்போது அமுக்கம் குறைவதால் சில வேளை நோ நின்றதுபோல் இருக்கும், பிறகுதான் விஷம் வயிறு முழுக்கப் பரவும் என்றார். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டேன். தாய் வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டேன். பொறுக்க முடியாது என்றார்.

மகளுக்கு நோ திரும்பி வந்துவிட்டது. இந்த முறை மறைக்கவில்லை. அழுதாள். மருந்து ஏற்றிய பிறகு கொஞ்சம் அடங்கியது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற நடைபாதையில் என்னைக் குனியச் சொன்னாள்.

"அம்மா வரமுதல் போக வேணுமோ?"

"ஓம் குஞ்சு. அம்மா வந்துகொண்டே இருக்கிறா."

"வந்தா என்ன சொல்லுவியள்?"

"நீ உள்ள இருக்கிறாய், டொக்டர்மார் பாக்கினம் எண்டு."

"நொந்தது எண்டு சொல்லாதேங்கோ."

"அம்மாவுக்குப் பொய் சொல்ல ஏலாது."

அவள் யோசித்தாள். மருந்தில் கண் சொருகிக்கொண்டு வந்தது.

"அப்ப ஒன்பது எண்டு சொல்லாதேங்கோ. ஆறு எண்டு சொல்லுங்கோ."

சரி என்றேன். கதவு வரைக்கும்தான் என்னை விட்டார்கள்.

கதவுக்கு வெளியே ஒரு சிறிய அறை. நாலைந்து கதிரைகள், ஒரு மீன்தொட்டி. நான் மட்டும் இருந்தேன். பனி யன்னலை மூடிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஆகமுன்பே வெளிச்சம் குறைந்துவிட்டது. எனக்குக் கடவுளைக் கூப்பிடத் தெரியாமல் இல்லை, கூப்பிட்டேன். அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தேன். அது முடிந்ததும் மனம் வேறு எங்கும் போக இடமில்லாமல் அந்தக் கதைக்கே போனது.

மகளுக்குச் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அந்தப் பின்வாங்கல் நாட்களில் தளபதி மிகவும் பயந்துபோயிருந்தார். வீட்டு உறவினருக்கு எழுதும்போது, புதிய படை உடனே சேராவிட்டால் எல்லாம் முடிந்ததுபோலத்தான் என்று எழுதினார். படை முன்னால் குதிரையில் போகும்போது அதை முகத்தில் காட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தபோது இது எனக்குத் தலைமைப் பண்பு பற்றிய ஒரு பாடம். பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்த அறையில் இருந்தபோது நான் அந்த ஆட்களைப் பற்றி நினைத்தேன். அவருடைய நிதானமான முகத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் காய்ச்சலையும் வெடித்த காலையும் வெளியே சொல்லாமல் எத்தனை பேர் வரிசையில் நின்றிருப்பார்கள்? நான் தாதியின் முன்னால் வைத்திருந்த முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். என் பிள்ளை அதைப் பார்த்துத்தான் நாலு என்று சொன்னாள். நான் பயத்தை மறைத்த அந்த ஒரு நாளில்தான் இது நடந்தது. ஓடித்திரிகிற தகப்பனாகவே நான் இருந்திருக்கலாம்.

பயந்த அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்தார். எங்கள் நகரத்துக்கு வந்த படையை அழித்தது துப்பாக்கியைவிட அம்மைதான் என்று கண்டு, அடுத்த குளிர்காலத்தில் படை முழுவதற்கும் தோலைக் கீறி அம்மைச் சீழை ஏற்றி, தடுப்பாக அம்மைப்பால் கட்டுவித்தார். அந்தக் காலத்தில் அது ஆபத்தான வேலை. கட்டியவர்கள் கிழமைக் கணக்கில் படுத்துக் கிடப்பார்கள், எதிரிக்குத் தெரிந்தால் எல்லாம் போச்சு. படையில் உள்ளவன் எவ்வளவு நோகிறது என்று வாயால் சொல்லுவான் என்று அவர் காத்திருக்கவில்லை. இதை மகளுக்குச் சொன்னபோது ஊசி நோகுமா என்று மட்டும்தான் கேட்டாள்.

மனைவியின் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நோ போய்விட்டது என்ற என் முதல் செய்தியைப் பார்த்து, கடவுளே நன்றி என்று எழுதியிருந்தாள். பிறகு, அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் அனுப்பியதைப் பார்த்தபின் வேறு பேச்சு இல்லை. நெடுஞ்சாலையின் எந்த வெளியேறும் பாதையில் நிற்கிறாள் என்பது மட்டும். ஒரு லொறி குறுக்கே சறுக்கி நின்றதாம். பிறகு, காரை விட்டுவிட்டு மெட்ரோவுக்கு நடக்கிறேன் என்று ஒரு செய்தி. காரை எங்கே விட்டாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது நகரசபையார் அதை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மீன்தொட்டியில் ஒரு மீன் ஒரு மூலையிலேயே நின்றது. அது உயிரோடிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சுத்தம் செய்ய வந்த ஒரு அம்மா, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடதாசிக் கைலேஞ்சிப் பெட்டியை எனக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு நடைபாதையின் ஒரு முனையில் மின்தூக்கி திறந்தது. மனைவி வந்தாள். சமையற்கூடத்து வெள்ளை உடுப்புக்கு மேலே குளிர்ச்சட்டை, தலையில் கழற்ற மறந்த வலைத்தொப்பி, அதன் மேலே பனி. அவள் என்னிடம் வந்து சேர்வதற்குள் மற்றப் பக்கத்துக் கதவு திறந்து அறுவைச் சிகிச்சை செய்த வைத்தியர் வந்தார். இளம் பெண். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வாய் அசைவதைப் பார்த்தேன். பிரெஞ்சு விளங்காமல் அல்ல, காது அடைத்துவிட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேலைத்தளத்துப் பெண்களோடு பழகி அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட எப்போதும் நல்லது. இரண்டு கேள்வி கேட்டாள். தலையாட்டினாள். வைத்தியரின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டனீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வெடிச்சுத்தானாம் இருந்தது. எடுத்து, எல்லாம் கழுவி விட்டிட்டினம். ஒரு கிழமை இஞ்ச வைச்சு மருந்து ஏத்துவினமாம். பிள்ளை தப்பிட்டாள். கண் முழிச்சு அம்மா எங்கை எண்டு கேக்கிறாளாம். இப்ப ஒராள்தான் உள்ள போகலாமாம், நான் போறன். நீங்கள் இதில இருந்து வடிவா அழுங்கோ. பேந்து வந்து மாறுவம், எனக்கும் அழ வேணும்."